குளிசைக்கு வெளியே இருக்கும் வருத்தம்

யாழ்ப்பாணத்தின் எந்த நீரிழிவு கிளினிக்கிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம். “சீனி கூடியிருக்கு. குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?” “ஓம், போடுறன்.” அத்துடன் முடிந்துவிடும். அந்த ‘ஓம்’ இற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க மருத்துவருக்கு நேரமில்லை. சொல்ல நோயாளிக்குத் துணிவில்லை.

அம்மாவோடு கிளினிக்கிற்குப் போய்வரும் நான் வரிசையில் கேட்டவை சாதாரணமானவைதான். வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். பஸ்ஸுக்குக் காசில்லை. மகன் காணாமல் ஆக்கப்பட்டபின் நித்திரை இல்லை. நெடுந்தீவில் இருப்பவர் யாழ். போதனா வைத்தியசாலைக்கு வர, குறிகட்டுவான் வரை படகு, பிறகு பஸ். மருந்து இலவசம், அதை அடையும் வழி இலவசமில்லை.

இதைக் கேட்காமல் விட்டால் ஆபத்தும் உண்டு. மருந்து போதவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டலாம். சாப்பிடாமல் இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுத்தால் சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று பிரித்தானியக் குடும்ப மருத்துவர் ஜூலியன் ரியூடர் ஹார்ட் 1971இல் எழுதினார். 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழுவும் வாழும் சூழலே ஆரோக்கிய ஏற்றத்தாழ்வின் வேர் என்றது.

ஒரு பிரதேச வைத்தியசாலை செய்யக்கூடியது மூன்று. சாப்பாடு, போக்குவரத்து, வீட்டுத் துணை பற்றிக் கேட்பது. அஸ்வெசும கிடைக்காதவரைப் பிரதேச செயலகத்துக்கும், துயரில் இருப்பவரை உளநலப் பிரிவுக்கும் கடிதத்தோடு அனுப்புவது. அடுத்த கிளினிக்கில் அது நடந்ததா என்று பார்ப்பது.

இது எமக்குப் புதிதல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார வைத்திய அதிகாரி முறையில், குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியின் வீட்டுக்கே போய் நிலைமையைப் பார்க்கிறார். அறுபது வயது நீரிழிவு நோயாளிக்கு அதே ஒழுங்கில் வர ஒருவர் இல்லை.

எங்கள் மண்ணில் ஒரு நிபந்தனையும் உண்டு. பதிவு என்றாலே பயந்த மக்கள் நாங்கள். விபரம் எடுத்துப் போனவர்கள் எல்லோரும் உதவ வந்தவர்கள் அல்லர். ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாவிட்டாலும் மருந்து கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். உதவ வழி வைக்காமல் கேள்வி மட்டும் கேட்பது இன்னொரு காயம்.

அந்த ஒழுங்கு வரும்வரை, நீங்களே சொல்லுங்கள்: “குளிசை போடேல்லை, ஏனெண்டால்…” அந்தக் காரணமும் உங்கள் வருத்தத்தின் ஒரு பகுதிதான்.