ஆங்கிலத் தொடர்வினைகளில் பதிலிடுபெயரின் இடம்: தமிழ்த் துணைவினை அமைப்புடன் ஓர் ஒப்புநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் வினைச்சொல்லும் குறுவினையடையும் இணைந்து ஒரு பொருள் தருவன தொடர்வினைகள். இவற்றின் செயப்படுபொருளாகப் பதிலிடுபெயர் வரும்போது அது வினைக்கும் வினையடைக்கும் நடுவே நிற்கிறது. இந்நடுநிலை சொல்வகையைச் சார்ந்த விதிவிலக்கு அன்று. அறிந்த செய்தியையும் புதிய செய்தியையும் பிரித்துக்காட்டும் ஒழுங்கின் வெளிப்பாடு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் பயில்வோர் இவ்விடத்தில் செய்யும் பிழைக்குத் தமிழின் சொல்வரிசை காரணமாகாது என்பதும், தொடர்வினையைப் பிரிக்கவியலா ஒரு சொல்லாகக் கருதுவதே காரணமாகலாம் என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொடர்வினை, குறுவினையடை, பதிலிடுபெயர், துணைவினை, செய்தி ஒழுங்கு.

முன்னுரை

ஆங்கிலப் பேச்சு வழக்கில் எளிய வினைகளோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘டௌன்’, ‘அவே’ முதலிய குறுவினையடைகள் சேர்ந்து புதிய பொருள் தருகின்றன. ‘கிவ்’ என்பது கொடுத்தலையும் ‘அப்’ என்பது மேல்நோக்குதலையும் குறிக்கும். ‘கிவ் அப்’ என்பதோ கைவிடுதலைக் குறிக்கும். உறுப்புகளின் பொருளைக் கூட்டி முழுமையின் பொருளைப் பெற இயலாமை இவ்வமைப்பின் இயல்பு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, இத்தகைய சேர்க்கைகள் அயல்மொழியாளர்க்குப் பெருந்தடையாக இருப்பதைச் சுட்டியுள்ளார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்னும் பெயரை 1925இல் தம் நூலில் கையாண்ட லோகன் பியர்சல் ஸ்மித், அதனைத் தமக்குப் பரிந்துரைத்தவர் ஹென்றி பிராட்லி என்று குறிப்பிட்டார். இக்கட்டுரையில் அதற்கு நிகராகத் ‘தொடர்வினை’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

தொடர்வினையின் பொருள் குறித்து அகராதிகள் விரிவாகப் பேசுகின்றன. அதன் உறுப்புகளுக்கிடையே பதிலிடுபெயர் பெறும் இடமே இங்கு ஆய்வுக்குரியது.

சொல்வரிசை

விளக்கை அணைக்கச் சொல்லும் தொடரை ஆங்கிலத்தில் இருவகையாக அமைக்கலாம்: ‘டர்ன் ஆஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆஃப்’. பெயர்ச்சொல் வினையடைக்குப் பின்னும் வரலாம்; முன்னும் வரலாம். விளக்கு என்னும் பெயருக்கு மாற்றாக ‘இட்’ வரின் இவ்வுரிமை இல்லை. ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதே வழக்கு. ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது வழு. நோம் சாம்ஸ்கி 1957இல் வெளியிட்ட ‘சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்’ நூலில் இவ்விடமாற்றத்தை ஒரு மாற்றிலக்கண விதியாகக் கொண்டு, செயப்படுபொருள் பதிலிடுபெயராக இருக்கும்போது அவ்விதி கட்டாயமாகும் என வகுத்தார். விதி தெளிவானது, ஆயினும் அது கட்டாயமாவது ஏன் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

குறுவினையடையும் முன்னுருபும்

காரணம் காண்பதற்கு முன், உருவொத்த இருவேறு அமைப்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். ‘ஹீ ரேன் அப் த ஹில்’ என்பது ‘அவன் குன்றின்மீது ஓடினான்’ எனப் பொருள்படும். ‘ஹீ ரேன் அப் எ பில்’ என்பது, பணம் செலுத்தாமல் கடைக்கணக்கு பெருகும்படி விட்டான் எனப் பொருள்படும். இரு தொடர்களும் புறத்தோற்றத்தில் ஒன்றே. குன்றுக்கும் கணக்குக்கும் பதிலிடுபெயரை இட்டால் அகவேறுபாடு வெளிப்படும்: முன்னது ‘ஹீ ரேன் அப் இட்’ என்றாகும், பின்னது ‘ஹீ ரேன் இட் அப்’ என்றாகும். முன்னதில் ‘அப்’ என்பது பெயரைத் தழுவும் முன்னுருபு. பின்னதில் அது வினையைத் தழுவும் வினையடை.

வேறு இரு சோதனைகளும் இதனை உறுதிசெய்கின்றன. ஒன்று அழுத்தம். ‘லுக் அட் இட்’ என்பதில் முன்னுருபாகிய ‘அட்’ அழுத்தம் பெறாது. ‘லுக் இட் அப்’ என்பதில் வினையடையாகிய ‘அப்’ அழுத்தம் பெறும். மற்றொன்று பண்புணர்த்தும் வினையடையின் நுழைவு. ‘லுக் கேர்ஃபுலி அட் இட்’ எனக் கூறலாம். ‘லுக் கேர்ஃபுலி அப் த வேர்ட்’ எனக் கூறலாகாது. வினைக்கும் குறுவினையடைக்கும் இடையே இத்தகைய நெடிய வினையடை புகாது. ஆனால் பதிலிடுபெயர் புகுந்தே தீரும்.

நடுநிலைக்குக் காரணம்

ஆங்கிலத் தொடரின் இறுதி பொதுவாகப் புதிய செய்திக்கும் நீண்ட உறுப்புக்கும் உரிய இடம். குறுகிய உறுப்பு முன்னும் நீண்ட உறுப்பு பின்னும் வரும் போக்கினை ஓட்டோ பெகாகல் 1909இல் ‘வளரும் உறுப்புகளின் விதி’ என வகுத்தார். ‘இட்’ என்பது முன்னரே அறிந்த பொருளைச் சுட்டுவது; ஓரசைச் சொல்; அழுத்தம் அற்றது. ஆகவே இறுதியிடத்திற்கு அது பொருந்துவதில்லை. அழுத்தம் ஏற்கும் ‘ஆஃப்’ அவ்விடத்தைப் பெறுகிறது.

இவ்விளக்கத்தைப் பதிலிடுபெயர்களே சோதித்துக் காட்டுகின்றன. ‘சம்திங்’ என்பதும் இலக்கண வகையால் பதிலிடுபெயர்தான். எனினும் ‘ஷீ பிக்ட் அப் சம்திங்’ என்பது வழுவன்று. ஏனெனில் ‘சம்திங்’ புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்துகிறது. விரலால் சுட்டி அழுத்தத்துடன் கூறும்போது ‘தோஸ்’ முதலிய சுட்டுகளும் இறுதியில் வரக்கூடும். எனவே ‘பதிலிடுபெயர் நடுவில் வரும்’ என்பதைவிட ‘அழுத்தமற்ற, அறிந்த பொருளைச் சுட்டும் பதிலிடுபெயர் நடுவில் வரும்’ என்பதே செப்பமான விதி.

இவ்விளக்கத்திற்கும் எல்லை உண்டு. ஆங்கிலத்தின் உறவுமொழியாகிய சுவீடியத்தில் பெயரும் பதிலிடுபெயரும் குறுவினையடைக்குப் பின்னரே வருகின்றன. டேனியத்தில் இரண்டும் அதற்கு முன்னர் வருகின்றன. அழுத்தமின்மை மட்டுமே வரிசையை முடிவுசெய்யுமாயின் இவ்வேறுபாடு தோன்றியிராது. இருவரிசைகளையும் இலக்கணம் அனுமதிக்கும் ஆங்கிலத்திலேயே செய்தி ஒழுங்கு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடம் கிடைக்கிறது எனக் கொள்வது பொருந்தும்.

தமிழில் இதற்கு நிகரானது

தமிழில் புதிய செய்திக்குரிய இயல்பான இடம் வினைமுற்றுக்கு அடுத்து முன்னுள்ளது. ‘கதவை யார் திறந்தார்?’ என்னும் வினாவிற்குக் ‘கதவை முருகன் திறந்தான்’ என விடை வரும். அறிந்த செய்தியாகிய கதவு முன்னே ஒதுங்குகிறது. பல இடங்களில் அறிந்த பொருள் சொல்லப்படுவதே இல்லை. ‘பெட்டி எங்கே?’ என்றால் ‘மாடியில் வைத்துவிட்டேன்’ என்பது போதும். ஆங்கிலத்தில் ‘ஐ புட் இட் அப்ஸ்டேர்ஸ்’ என ‘இட்’ வந்தே ஆகவேண்டும். தமிழ் தொகுத்து மறைக்கும் ஒன்றை ஆங்கிலம் அழுத்தமிழக்கச் செய்து நடுவில் வைக்கிறது. நோக்கம் ஒன்று, வழி வேறு.

‘டிரிங்க் இட் அப்’ என்பதில் உள்ள ‘அப்’ தரும் முற்றுமைப் பொருளைத் தமிழில் ‘குடித்துவிடு’ என்பதன் துணைவினை ஓரளவு தருகிறது. பொருளால் நெருங்கும் இவை அமைப்பால் வேறுபடுகின்றன. ‘வந்தேவிட்டான்’, ‘சொல்லியும்விட்டான்’ என வினையெச்சத்திற்கும் துணைவினைக்கும் இடையே ஏகாரமும் உம்மையும் புகலாம், செயப்படுபொருள் புகாது. ‘அதைச் சொல்லிவிட்டான்’ என்பது வழக்கு. ‘சொல்லி அதை விட்டான்’ எனின் துணைவினைப் பொருளே சிதைந்துவிடும்.

பயில்வோர் பிழையின் ஊற்று

‘ஃபில் அப் இட்’, ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ போன்ற பிழைகளைத் தாய்மொழித் தாக்கம் எனப் பொதுவாகக் கூறிவிடுவது போதாது. தமிழ்ச் சொல்வரிசை அப்படியே பெயர்ந்திருப்பின் ‘இட்’ வினைக்கு முன்னே வந்திருக்கும். தாக்கம் இருப்பின் அது வரிசையில் அன்று, சொல்லின் எல்லையில் இருக்கிறது. ‘அணை’, ‘நிரப்பு’ எனத் தமிழில் ஒரு சொல்லாக உள்ளவற்றுக்கு நிகராகத் தொடர்வினையும் ஒரு சொல்லாகக் கற்கப்படுகிறது. பேச்சுத் தமிழ் இதனை மேலும் இறுக்குகிறது. ‘ஃபாரத்தை ஃபில்லப் பண்ணு’, ‘லைட்டை ஸ்விட்ச் ஆஃப் பண்ணு’ என்னும் வழக்குகளில் ஆங்கிலத் தொடர்வினை முழுமையும் பெயர்போல் உறைந்து, ‘பண்ணு’ என்னும் வினையை ஏற்கிறது. உறைந்த அவ்வடிவத்தைப் பிரித்து நடுவே ஒரு சொல்லை வைக்கத் தமிழ்ப் பேச்சில் எவ்விடத்தும் தேவை எழுவதில்லை. இதனோடு ‘ஃபில் அப் த ஃபார்ம்’, ‘லுக் அட் இட்’ என்னும் ஆங்கிலத் தொடர்களின் ஒப்புமையும் சேர்ந்து பிழைக்கு வழிவகுக்கலாம்.

முடிவுரை

ஆங்கிலத் தொடர்வினையில் பதிலிடுபெயரின் இடம், குறுவினையடையை முன்னுருபிலிருந்து பிரித்தறியும் உறுதியான சான்றாகிறது. அவ்விடத்தை முடிவுசெய்வது பதிலிடுபெயர் என்னும் சொல்வகை மட்டுமன்று. அழுத்தமின்மையும் அறிந்தமையும் ஆகும். தமிழும் இதே வேறுபாட்டைச் சொல்வரிசையாலும் தொகுத்தலாலும் உணர்த்துகிறது. எனவே தமிழ் வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் நூல்கள் ‘ஃபில் அப்’ என்னும் வடிவை மட்டும் தந்து, பதிலிடுபெயரின் இடத்தைப் பின்னர் விதிவிலக்காகச் சேர்ப்பதைவிட, ‘ஃபில் இட் அப்’ என்னும் விரிந்த வடிவையே தொடக்கத்தில் தருவது தக்கது. சொல் பிரியும் என்பது முதலிலேயே தெரிந்தால், அதன் நடுவே நிற்கும் சொல் மாணவர்க்கு அயலாகத் தோன்றாது.