டிஜிட்டல் நோமேட் ஆக ஆசையா? சம்பளத்தோடு சேர்ந்து நின்றுபோகும் கணக்குகளை முதலில் பாருங்கள்

மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்ற எண்ணம் நம் இளைஞர்களிடம் பரவி வருகிறது. இணையப் பக்க வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, காணொளித் தொகுப்பு, கணக்கெழுதுதல் போன்ற வேலைகளைத் தொலைவில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்குச் செய்துகொண்டு, பினாங்கில் சில மாதம், சியாங் மாயில் சில மாதம் என ஊர் மாறி வாழ்பவர்களை 'டிஜிட்டல் நோமேட்' என்கிறார்கள்.

இப்படிப் போக விரும்பும் பிள்ளையிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "நிரந்தர வேலையை ஏன் விடவேண்டும்?" என்பதுதான். இதைப் பழைய காலத்துப் பயம் என்று தள்ளிவிட முடியாது. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. அதைக் கண்டவர்களுக்கு வேலை என்பது மாதச் சம்பளம் மட்டுமல்ல. அலுவலக வேலையும் அப்படியே. சம்பளம் நிற்கும் நாளில் அதோடு சேர்ந்து வேறு சிலவும் நின்றுபோகும்.

சேமநிதி

முதலில் நிற்பது இபிஎஃப். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 390 ரிங்கிட். மாதம் 720 ரிங்கிட், ஆண்டுக்கு 8,640 ரிங்கிட். ஐந்து ஆண்டுகள் சந்தா இல்லாமல் போனால், லாப ஈவைச் சேர்க்காமலேயே 43,200 ரிங்கிட் குறையும்.

சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கு இபிஎஃப்பின் 'ஐ-சாரான்' திட்டம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு முதல், தாமாகச் செலுத்தும் தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் ஊக்கத்தொகையாகச் சேர்க்கிறது. ஆண்டுக்கு உச்ச வரம்பு 500 ரிங்கிட். அதை முழுமையாகப் பெற ஆண்டுக்கு 2,500 ரிங்கிட், அதாவது மாதம் ஏறக்குறைய 209 ரிங்கிட் போட வேண்டும். முதலாளி தந்த பங்குக்கு இது ஈடாகாது. ஆனாலும் சேமிக்கும் பழக்கம் அறுந்துபோகாமல் இருக்கும்.

சொக்சோவும் மருத்துவ அட்டையும்

வேலை இழப்புக் காப்புறுதிக்கு மாதாமாதம் பணம் பிடிக்கப்பட்டிருந்தாலும், தாமாக வேலையை விட்டு விலகுபவருக்கு அந்த உதவித்தொகை கிடைக்காது. 'அதை வைத்துச் சில மாதம் ஓட்டிவிடலாம்' என்று கணக்குப் போட்டவர்கள் திட்டத்தை மாற்ற வேண்டும்.

சுயதொழில் செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோ தனித் திட்டம் நடத்துகிறது. அது வேலை தொடர்பான விபத்துக்கும் நோய்க்கும் மட்டுமே. நிறுவனம் தந்த மருத்துவ அட்டை கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும் என்பதால், சொந்த மருத்துவக் காப்புறுதியை வேலையில் இருக்கும்போதே எடுத்துக்கொள்வது நல்லது.

கடன்கள்

பிடிபிடிஎன் கல்விக் கடனைச் சம்பளப் பிடித்தம் வழி கட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். சம்பளம் நின்றால் பிடித்தமும் நிற்கும், கடன் நிற்காது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கழியும்படி முன்பே மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டுக் கடன் விண்ணப்பத்திற்கு வங்கிகள் சம்பளச் சீட்டைக் கேட்கும். அது இல்லாதவரிடம் வரிப் பாரத்தையும் வங்கிக் கணக்கறிக்கைகளையும் கேட்கும். புதிதாகத் தொழில் தொடங்கியவரிடம் இவை இருக்காது. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் அந்த முடிவை முதலில் எடுத்துவிட வேண்டும்.

வரியும் பதிவும்

'வெளிநாட்டுக்காரன் பணம் தருகிறான், இங்கே வரி இல்லை' என்பது தவறான எண்ணம். மலேசியாவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வரும் வருமானம் வரிக்குட்பட்டதே. சம்பளக்காரர்களின் பிஇ பாரத்திற்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. தொழில் வருமானத்திற்கு பி பாரம். அதற்கு ஜூன் 30. மாதந்தோறும் வரியைப் பிடித்துக் கட்ட இனி முதலாளி இல்லை. எனவே வரும் தொகையில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்க வேண்டும். ரசீதுகளை 7 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் எஸ்எஸ்எம்மில் தொழிலைப் பதிய, சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட்.

எந்த நாட்டுக்குப் போகலாம்?

2022இல் தொடங்கிய 'டீ ரந்தாவ்' நோமேட் அனுமதி, மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டவருக்கானது. மலேசியர்கள் தைப்பிங்கிலோ லங்காவியிலோ தங்கி வேலை செய்ய அது தேவையில்லை.

வெளிநாடு என்றால் கதை வேறு. சுற்றுப்பயணியாக நுழைவது வேலை செய்வதற்கான அனுமதி ஆகாது. தாய்லாந்து 2024இல் அறிமுகப்படுத்திய டிடிவி விசாவுக்குச் சேமிப்பில் 500,000 பாட் காட்ட வேண்டும். இந்தோனேசியாவின் தொலைப்பணி விசாவுக்கு ஆண்டு வருமானம் 60,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். முதல் ஆண்டை உள்நாட்டிலேயே கழிப்பது பலருக்கும் தோதாக இருக்கும்.

கடிதம் கொடுக்கும் முன்

வேலையில் இருக்கும்போதே ஒரு வாடிக்கையாளரையாவது பிடித்து, முதல் பணம் கைக்கு வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் வெளிவேலை செய்ய நிறுவனத்தின் அனுமதி தேவையா என்று வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். விடுப்பு எடுத்துத் தோட்டத்து வீட்டிலோ வேறு ஊரிலோ ஒரு வாரம் உட்கார்ந்து வேலை செய்தால், இணையம் தாங்குமா, மனம் தாங்குமா என்பது தெரிந்துவிடும்.

கையில் குறைந்தது ஆறு மாதச் செலவுப் பணம் வேண்டும். அதில் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் கொடுக்கும் தொகையும் சேர்ந்திருக்க வேண்டும். பல வீடுகளில் இந்தத் திட்டம் தடுமாறுவது அங்கேதான்.

ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரமும், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 6 வாரமும், 5 ஆண்டுக்கு மேல் என்றால் 8 வாரமும் முன்னறிவிப்புத் தர வேண்டும்.

இந்தக் கணக்குகளை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் முன் வைத்தால் பேச்சு சுலபமாகும். சேமநிதியின் அருமை அவர்களுக்குத் தெரியும். ராஜினாமா கடிதம் எழுதுவது இந்த வேலைகளில் கடைசியாக இருக்கட்டும்.