பத்து இலக்கத்துக்குள் ஒரு தேதி

யூனிக்ஸ் வழி வந்த கணினிகள் நேரத்தை நாள், மாதம், ஆண்டு என்று பிரித்து வைப்பதில்லை. யுடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி கடந்தது என்ற ஒற்றை எண்தான் அவற்றின் கணக்கு. நாளொன்றுக்குச் சரியாக 86,400 விநாடி. லீப் விநாடிகள் இதில் சேராது.

பெல் ஆய்வகத்தில் உருவான தொடக்ககால யூனிக்ஸ், 1971 ஜனவரி 1 முதல் விநாடியின் அறுபதில் ஒரு பங்காக எண்ணி வந்தது. அந்த வேகத்தில் 32 பிட் எண் இரண்டேகால் ஆண்டில் நிரம்பிவிடும். விநாடிக்கு மாறியதும் ஆயுள் நீண்டது. ஆனாலும் குறையெண்ணுக்கும் இடம் விடும் 32 பிட் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று தீர்ந்து, 1901 டிசம்பருக்குத் தாவும். நேரத்தை 64 பிட் எண்ணில் வைக்கும் கணினிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

இரு நிகழ்வுகளின் இடைவெளி வேண்டுமானால் கழித்தால் போதும் என்பதால் இயந்திரத்துக்கு இந்த எண் வசதி. ஆனால் 1234567890 என்பதைப் பார்த்த மாத்திரத்தில் தேதி சொல்ல யாராலும் முடியாது. அதற்குத்தான் 'டேட்' கட்டளை. லினக்ஸில் டேட் என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் 'டி', அதன்பின் @ குறியை ஒட்டி எண்ணைக் கொடுக்க வேண்டும். மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் 'டி'க்குப் பதில் 'ஆர்', @ தேவையில்லை. லினக்ஸில் அதே 'ஆர்', தொடர்ந்து வருவதைக் கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படியொரு கோப்பே இல்லை என்று கைவிரிக்கும். ஒரே பெயரில் இரு குணம்; இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே ஒட்டுபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

விடை கணினியின் நேர மண்டலத்தைப் பொறுத்தது. மேற்சொன்ன எண் யுடிசியில் 2009 பிப்ரவரி 13 இரவு 11:31:30. இந்திய நேரத்தில் அது 14ஆம் தேதி அதிகாலை 5:01:30, தேதியே மாறிவிடுகிறது. வெவ்வேறு ஊர்ச் சர்வர்களின் பதிவுகளை ஒப்பிடும்போது சிறுகோட்டுடன் 'யு' சேர்த்து எல்லாவற்றையும் யுடிசியில் பார்ப்பதே நல்லது. 13 இலக்க எண் வந்தால் அது பெரும்பாலும் மில்லிவிநாடிக் கணக்கு. 1000 ஆல் வகுக்காமல் கொடுத்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டிய ஓர் ஆண்டு திரையில் வந்து நிற்கும்.

ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி சர்வரின் பதிவுக் கோப்பு போல ஒவ்வொரு வரியும் இந்த எண்ணில் தொடங்கினால், வரிக்கு ஒரு முறை டேட்டை அழைப்பது மந்தமான வேலை. ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய நிரல் எழுந்து ஓட வேண்டும். அங்கே குனு ஆக் நிரலின் 'எஸ்டிஆர்எஃப்டைம்' அல்லது பெர்ல் மொழியின் 'லோக்கல்டைம்' கோப்பு முழுவதையும் ஒரே ஓட்டத்தில் மாற்றித் தரும்.