மீடியனில் மோதிய முன்சக்கரம்

காரின் முன்சக்கரம் மீடியன் கல்லிலோ சாலையோரக் கான்கிரீட் விளிம்பிலோ மோதும்போது பம்பரில் ஒரு கீறல்கூட விழாமல் போகலாம். அந்த அடி டயரில் தொடங்கி ரிம், ஹப், லோயர் ஆர்ம், டை ராடு, ஸ்ட்ரட் என்று உள்ளே இறங்கி, எது தாங்கவில்லையோ அதை வளைத்துவிடும். சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும், அதை ஒரகடத்தில் வெட்டிச் செல்லும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் மீடியன் கட்டிய அகலச் சாலைகள். கன்டெய்னர் லாரிகளும் ஷிஃப்ட் பஸ்களும் இரவு பகலாக ஓடும் தடம் இது. பக்கத்தில் நெருங்கும் லாரிக்கு ஒதுங்குகிற கார் கல்லில் ஏற ஒரு நொடி போதும்.

தமிழ்நாட்டின் கார்களில் பெரும்பகுதி பிறப்பதும் இதே வட்டாரத்தில்தான். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ வந்தது. ஒரகடத்து ரெனோ–நிஸான் ஆலை 2010இல் மைக்ராவுடன் உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆலையிலிருந்து 2015இல் ரெனோ க்விட் வந்தது. கம்பெனிகள் வேறு என்றாலும் மூன்று கார்களுக்கும் முன்பக்க அமைப்பு ஒன்றே: மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது உருவாக்கத் தொடங்கிய யோசனை இது. அவர் ஃபோர்டுக்கு மாறிய பிறகு, 1950இல் இங்கிலாந்தில் வெளியான ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் இடம்பெற்றது. இன்று சிறிய கார்களில் பெரும்பாலானவை இதன்மேல்தான் நிற்கின்றன.

இந்த அமைப்பில் ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். அதுதான் ஸ்ட்ரட். அதன் மேல்முனை பானெட்டுக்கு அடியில் காரின் உடலோடும், கீழ்முனை சக்கரத்தைச் சுமக்கும் நக்கிளோடும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். நக்கிளின் அடிப்பகுதியை லோயர் ஆர்ம் ஒரு பால் ஜாயின்ட் மூலம் பிடித்திருக்கும். ஆர்மின் மறுபக்கம் ரப்பர் புஷ்கள் வழியாக கிராஸ் மெம்பரில் சேரும். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் மெல்லிய டை ராடு நக்கிளைத் திருப்பும். பாகங்கள் குறைவு, எடை குறைவு, எஞ்சினுக்கு இடம் அதிகம். ஆனால் மேலே தனியாக ஓர் ஆர்ம் இல்லாததால் சக்கரத்தை நிமிர்த்தி வைக்கும் வேலையும் ஸ்ட்ரட்டின் தலையில் விழுகிறது. அதன் தண்டு கொஞ்சம் வளைந்தாலும் சக்கரம் சாய்ந்துவிடும்.

பக்கவாட்டில் மோதினால் சக்கரம் உள்நோக்கித் தள்ளப்பட்டு, டை ராடும் லோயர் ஆர்மும் அழுத்தத்தில் வளையும். நேராக ஏறினால் சக்கரம் பின்னுக்குப் போகும். ஆர்மின் பின்புஷ் கிழியும். இருபுறமும் டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை விரலால் அளந்து பார்த்தாலே சக்கரம் நகர்ந்திருப்பது தெரிந்துவிடும். டயரின் பக்கச்சுவரில் முட்டை போலப் புடைப்பு இருந்தால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த டயரை எந்தப் பஞ்சர் கடையிலும் சரிசெய்ய முடியாது; எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். சக்கரம் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருந்தாலோ, பிரேக் ஹோஸ் இழுபட்டிருந்தாலோ, அடியில் எண்ணெய் ஒழுகினாலோ வண்டியை ஓட்டக் கூடாது. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

மோதலுக்குப் பின் பலர் செய்யும் காரியம்தான் மிகவும் தவறானது. ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதே என்று நேராக வீல் அலைன்மென்ட் கடைக்குப் போகிறார்கள். சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தில் திருத்தக்கூடிய கோணம் ஒன்றே ஒன்று: இரு சக்கரங்களும் முன்பக்கம் எவ்வளவு குவிகின்றன என்பதைச் சொல்லும் டோ. சக்கரம் உள்ளே வெளியே சாய்வதான கேம்பரையும், ஸ்டீயரிங் அச்சு முன்பின் சாய்வதான காஸ்டரையும் திருத்த அங்கே போல்ட்டே கிடையாது. அதனால் கடைக்காரர் டை ராடைச் சுழற்றி ஸ்டீயரிங்கை நேராக்கித் தருவார். வளைந்த ஆர்ம் வளைந்தபடியே இருக்கும். டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து, கம்பி தெரியும்போதுதான் விஷயம் விளங்கும்.

அதே அலைன்மென்ட் மெஷினை, பழுதுபார்க்கும் முன் எக்ஸ்ரே போலப் பயன்படுத்துவதே சரியான முறை. அதன் திரையில் எஸ்.ஏ.ஐ. என்றொரு எண் வரும். பால் ஜாயின்டிலிருந்து ஸ்ட்ரட்டின் மேல்முனைக்கு ஒரு கோடு இழுத்தால், அது எவ்வளவு உட்பக்கம் சாய்கிறது என்பதே அந்த எண். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டால் குற்றவாளி அகப்படும். எஸ்.ஏ.ஐ. குறைந்து, அதே அளவுக்குக் கேம்பர் கூடியிருந்தால், அதாவது இரண்டின் கூட்டுத்தொகை மாறாமல் இருந்தால், லோயர் ஆர்ம் வளைந்து பால் ஜாயின்ட் உள்ளே போயிருக்கிறது, அல்லது கிராஸ் மெம்பர் நகர்ந்திருக்கிறது. எஸ்.ஏ.ஐ. சரியாக இருந்து கேம்பர் மட்டும் மாறியிருந்தால் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறது. காஸ்டர் குறைந்திருந்தால் சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. இந்த மூன்று எண்களையும் படிக்கத் தெரிந்த மெக்கானிக் தேவையற்ற பாகம் ஒன்றைக்கூட மாற்றமாட்டார்.

வளைந்த ஆர்மைச் சூடுகாட்டித் தட்டி நிமிர்த்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதை ஏற்கவே கூடாது. சூட்டில் எஃகு தன் பலத்தை இழக்கும். நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஆர்ம், டை ராடு, நக்கிள் மூன்றும் மாற்ற வேண்டிய பாகங்களே.

ஆர்மை மாற்றுவதில் ஒரு நுணுக்கம் அடிக்கடி விட்டுப்போகிறது. கார் ஜாக்கியில் தூக்கியிருக்க, சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சில மாதங்களில் கிழியும். போல்ட்டை லேசாகப் பூட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கழற்றிய லாக் நட்டும் ஸ்பிளிட் பின்னும் புதிதாகவே போடப்பட வேண்டும். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் ஸ்ட்ரட்டிலிருந்து கழற்றுவது உயிருக்கு ஆபத்து. லோயர் ஆர்மை அடிபட்ட பக்கம் மட்டும் மாற்றலாம். ஸ்ட்ரட்டை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது.

ஹப் பேரிங் தாமதமாகப் பேசும். மோதலில் உள்ளே குண்டுகள் பாதையில் சிறு பள்ளங்களைப் பதித்துவிடும். அன்று சத்தம் வராது. நாள்கள் கழித்து வேகத்தில் ரீங்காரம் எழும். வலப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால் இடது பேரிங், இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் வலது பேரிங் என்று சந்தேகிக்கலாம்.

எல்லாம் பூட்டிய பிறகே அலைன்மென்ட். ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் அதையும் ஸ்கேனரால் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தச் சேதம் இன்சூரன்ஸில் சொந்தச் சேதப் பிரிவில் வரும். வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதுக்கேற்பக் கழிவு. டயர் மட்டும் சேதமானால் பணம் இல்லை. காரும் சேர்ந்து சேதமானால் டயர் விலையில் பாதி கிடைக்கும். அடிபட்ட வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டியதால் கூடிய சேதம் உரிமையாளர் தலையில்தான். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றவிடாதீர்கள். பழுதுபார்க்கும் முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு அலைன்மென்ட் பிரிண்ட்களைக் கேட்டு வாங்கி, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.