‘பொன்னியின் செல்வ’னில் துரோகி யார்?

சென்ற தவணையில் ஒரு நாள் ஹட்டன் நகரைக் காலையில் மூடிய பனி பிற்பகலாகியும் விலகவில்லை, மழையும் சேர்ந்துகொண்டது. மைதானத்துக்குச் செல்ல இயலாத உயர்தர வகுப்பு மாணவர்கள் எம்மைச் சூழ்ந்துகொண்டு ‘பொன்னியின் செல்வன்’ பற்றி வழக்காடத் தொடங்கினார்கள். அவர்களுட் பெரும்பாலோர் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த மணிரத்னத்தின் திரைப்படத்தைக் கண்டவர்கள். நூலைப் படித்தவர்கள் மூவரோ நால்வரோதாம்.

“ரவிதாசன் துரோகிதானே, சேர்? கல்வெட்டிலேயே அப்படித்தானே இருக்கிறது?” என்றான் ஒருவன்.

பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, “யாருக்குத் துரோகி?” என்று திருப்பிக் கேட்டாள்.

அந்த வினா எம் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகையால் அதனை இங்கே சிறிது விரித்தெழுதத் துணிந்தோம்.

கல்கி அவர்கள் இக்கதையைத் தம் பெயர் தாங்கிய வார இதழில் 1950 ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கி 1954 ஆம் ஆண்டுவரை எழுதிவந்தார். மூன்றரை ஆண்டுக் காலம், ஐந்து பாகங்கள், அத்தியாயந்தோறும் மணியம் வரைந்த சித்திரங்கள். கதை முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் ஆசிரியரும் மறைந்தார். டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த எம் பாட்டனார், அவ்விதழ்களிலிருந்து அத்தியாயங்களைப் பிரித்தெடுத்துச் சாக்கு ஊசியால் தைத்துக் கட்டாக வைத்திருந்தார். மாலை வேளைகளில் அவர் லயத்து வாசலில் அமர்ந்து உரக்க வாசிப்பாராம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் கூடையை இறக்கிவைத்து நின்று கேட்பார்களாம். இது பாட்டியார் சொல்லக் கேட்டது. அந்தக் கட்டு இன்று எம்மிடம் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் சில தாள்களைக் காணோம். அடுப்பு மூட்டப் பயன்பட்டனவோ, அன்றி எவரேனும் இரவல் கொண்டுபோனார்களோ, அறியோம்.

வாரந்தோறும் வெளிவரும் கதைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஏழு நாள் ஒருவனை வஞ்சகன் என்று ஏசித் தீர்த்த வாசகர், எட்டாம் நாள் அவனுடைய நியாயத்தைக் கேட்க நேர்கிறது. சுரங்கப் பாதைகள், நள்ளிரவுச் சதியாலோசனைகள், வால்நட்சத்திரம், பூதத் தீவு என்று மாயக் கதைக்குரிய அத்தனை அலங்காரங்களையும் கல்கி குறைவின்றிச் சேர்த்திருக்கிறார். எனினும் வாசகரைக் கட்டிப்போட்டவை இவையல்ல. இவன் உண்மையில் யார் பக்கம் என்னும் ஐயமே அவர்களை அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வைத்தது. வீர வைஷ்ணவம் பேசித் தடியைச் சுழற்றிச் சண்டைக்கு நிற்கும் ஆழ்வார்க்கடியான் முதலில் வெறும் கோமாளியாகத் தோன்றுகிறான். பிறகல்லவா அவன் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்று தெரிகிறது! கடம்பூர்க் கந்தமாறனோ வந்தியத்தேவனின் உயிர்த்தோழன். தஞ்சையில் முதுகில் குத்துண்டு வீழ்ந்தபின், குத்தியவன் தோழனே என்று நம்பிப் பகைவனாகிவிடுகிறான். அவனைப் பொன்னோ பதவியோ மாற்றவில்லை. தவறாகப் புரிந்துகொண்ட ஒரு காயம் மாற்றிவிட்டது.

இக்கதையில் இன்னார் எவ்வாறு பக்கம் மாறினார் என்று ஒவ்வொருவராகப் பார்த்து வரும்போது ஒரு விந்தை புலப்படுகிறது. அரியணைக்காகப் பக்கம் மாறியவர் மிகச் சிலர். மற்றவர்கள் ஒரு முகத்துக்காக மாறினார்கள். பார்த்திபேந்திர பல்லவன் ஆதித்த கரிகாலனின் நண்பன். அருள்மொழிவர்மனை அழைத்துவர ஈழம்வரை சென்றவன். திரும்பி வந்து நந்தினியைக் கண்ட பிறகு அவன் பேச்சு மாறுகிறது. அப்போதும் தன் நண்பனுக்குத் தீங்கு செய்வதாக அவன் எண்ணுவதில்லை. தான் நேர்வழியில் நடப்பதாகவே கடைசிவரை நம்புகிறான். பக்கம் மாறுகிறவர் பெரும்பாலும் தாம் மாறியதை உணர்வதில்லை என்பதைக் கல்கி எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்!

எமது மலைநாட்டில் ஒரு தொழிலாளி ஒரு சங்கத்துக்குச் செலுத்திவந்த சந்தாவை நிறுத்தி வேறொரு சங்கத்தில் சேர்ந்துவிட்டால், பழைய தோட்டத் தலைவரின் வாயிலிருந்து முதலில் வரும் சொல் ‘துரோகி’ என்பதே. சேர்ந்தவரிடம் சென்று காரணம் கேட்டுப் பாருங்கள். ஒழுகும் கூரைக்குத் தகரம் கேட்டு இரண்டு வருடம் அலைந்த கதையைச் சொல்வார். கொள்கைப் பூசலைத் தேடிச் சென்ற நமக்கு அங்கே கிடைப்பது ஒரு தகரம்!

இதற்கு நேர்மாறானவன் வந்தியத்தேவன். அவன் முன்னோருக்கு அரசு இருந்தது. அவனுக்கோ ஒரு குதிரையும் ஒரு வாளும் இரண்டு ஓலைகளுமே உள்ளன. பொய் சொல்வதில் சமர்த்தன். அரைக் கணத்தில் ஒரு கதை கட்டுவான். இத்தகையவனை விலைக்கு வாங்குவது எளிது என்று நந்தினி முதல் பலரும் எண்ணுகிறார்கள். நாட்டையும் குலப் பெருமையையும் இழந்தவனுக்கு விசுவாசம் ஏது என்பது அவர்கள் கணக்கு. நிலமும் கோட்டையும் படையும் உடைய சிற்றரசர்களே கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடி, மன்னர் உயிரோடிருக்கும்போதே அடுத்த பட்டம் மதுராந்தகருக்கு என்று பேசி முடிக்கிறார்கள். ஒன்றுமில்லாதவன் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. சரித்திரத்தில் வந்தியத்தேவனைப் பற்றிக் கிடைப்பது மிகக் கொஞ்சம்; குந்தவைப் பிராட்டியின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டால் அறிகிறோம். எஞ்சியதெல்லாம் கல்கியின் கற்பனையே.

இனி, ரவிதாசனிடம் வருவோம். காட்டுமன்னார்கோயிலுக்கு அண்மையிலுள்ள உடையார்குடியில் அனந்தீசுவரர் ஆலயம் இருக்கிறது. அங்கே முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைத் துரோகிகள் என்று குறித்து, அவர்களுடைய உறவினரின் நிலங்களையும் பறிமுதல் செய்யும் ஆணை அது. சோமன், அவன் தம்பி ரவிதாசன், மற்றொரு தம்பி பரமேசுவரன் ஆகியோர் அதிற் காணப்படுகின்றனர். எம் மாணவன் குறிப்பிட்ட கல்வெட்டு இதுவே. ஆனால் அந்தப் பெயர்களோடு ஒட்டிய பட்டங்களைக் கவனிக்கவேண்டும். ரவிதாசன் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’. பரமேசுவரன் ‘இருமுடிச்சோழப் பிரமாதிராசன்’. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் பட்டத்தில் பாண்டியன் பெயர், மற்றொருவன் பட்டத்தில் சோழன் பெயர்! அந்நாளில் அரசுப் பணியிலிருந்த ஒரு குடும்பத்தின் விசுவாசம் எவ்வளவு சிக்கலானதாயிருந்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கொலையின் பின்னணியில் உத்தம சோழர் இருந்தார் என்று பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. அறிஞர்கள் விட்டுவைத்த அந்த இடைவெளியிற்றான் கல்கி புகுந்தார். கல்வெட்டுத் துரோகிகள் என்று முத்திரையிட்டவர்களை அவர் வீரபாண்டியனின் ஆபத்துதவிகளாக ஆக்கினார். மன்னனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சபதம் செய்தவர்கள் ஆபத்துதவிகள். மன்னன் இறந்தபின் உயிரோடிருப்பதே அவர்களுக்கு அவமானம். அப்படியானால், தஞ்சையிலிருந்து நோக்கும்போது ரவிதாசன் துரோகி. மதுரையிலிருந்து நோக்கும்போதோ அவன் நன்றி மறவாத ஊழியன். கல்கி அவனை நல்லவனாக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவன் சிரிப்பே குலை நடுங்க வைக்கும். ஆனால் அவனுடைய காரணத்தை அவர் மறைக்கவுமில்லை.

நந்தினியும் அத்தகையவளே. தன் குடிசையில் அடைக்கலம் புகுந்த, காயமுற்ற வீரபாண்டியனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டு அவள் மன்றாடுகிறாள். ஒரு காலத்தில் அவளைக் காதலித்த ஆதித்த கரிகாலன் அதைக் கேளாமல் அவன் தலையைக் கொய்கிறான். பிறகு அவள் பழுவூர் இளையராணியாகச் சோழ நாட்டின் பொக்கிஷ அறைவரை சென்றதெல்லாம் அந்த ஓர் இரவின் தொடர்ச்சியே. கரிகாலனுக்கும் அது தெரியும். அதனால்தான் கடம்பூருக்கு அவன் விருந்தாளியாக வருவதில்லை. தன் தண்டனையை ஏற்க வருகிறவன்போல் வருகிறான். அங்கே வாளை வீசிய கை யாருடையது என்பதைக் கல்கி ஐயத்துக்கிடமாகவே விட்டுவிட்டார். முடிவுரை எழுதி வாசகர் கேள்விகள் பலவற்றுக்கு விடை கூறியவர், இதை மட்டும் தெளிவாக்காதது எமக்குச் சிறு வயதிற் பெருங்குறையாகத் தோன்றியது. இப்போது அவ்வாறு தோன்றவில்லை.

இவர்கள் எல்லாரிலும் எம் மனத்தைக் கவர்ந்தவர் பெரிய பழுவேட்டரையர். திரைப்படம் மட்டும் கண்டவர்கள் இளம் மனைவியிடம் மயங்கிய கிழவர் என்று அவரை எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள். மேனியில் அறுபத்து நான்கு விழுப்புண்களைத் தாங்கியவர் அவர். மதுராந்தகரை ஆதரிப்பதற்கும் அவரிடம் நியாயமான காரணம் உண்டு: மதுராந்தகர் மூத்த வழியில் வந்த கண்டராதித்தரின் புதல்வர், பட்டம் மூத்த வழிக்குச் சேரவேண்டும் என்பது அவர் வாதம். தவறு எங்கே நேர்ந்தது? தம் அந்தப்புரத்திலேயே பாண்டியச் சதி வளர்ந்துவந்ததை அவர் காணவில்லை. கண்டபோது காலம் கடந்துவிட்டது. கரிகாலனைக் காக்க ஓடி வருகிறார், காக்க முடியவில்லை. பின்னர் வந்தியத்தேவன்மேல் விழுந்த கொலைப்பழியைத் தாமே ஏற்றுக்கொண்டு, தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறார். ஏனையோர் தாம் மாறியதை அறியாமலே மாறினார்கள். தாம் தவறினோம் என்பதைச் சபை நடுவே கூறியவர் இவர் ஒருவரே.

கதையின் இரண்டாம் பாகத்திற் பெரும்பகுதி நமது ஈழநாட்டில் நிகழ்கிறது. மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரம் என்று வந்தியத்தேவன் அலைகிறான். அநுராதபுரத்தில் புத்த பிக்குகள் இலங்கையின் மணிமுடியையே அருள்மொழிவர்மனுக்கு அளிக்க முன்வருகிறார்கள், அவன் மறுத்துவிடுகிறான். இந்தக் கற்பனைக்கு அருகே சரித்திரத்தையும் வைத்துப் பார்க்கவேண்டும். பாண்டிய மன்னன் இராசசிம்மன் இலங்கையில் விட்டுச் சென்ற முடியைச் சோழர் பல்லாண்டு தேடினர். 1017 ஆம் ஆண்டளவில் அருள்மொழியின் மகன் இராசேந்திரனின் படை அதனைக் கைப்பற்றியதோடு, ஐந்தாம் மகிந்த மன்னனையும் சிறைபிடித்துச் சென்றது. தந்தை கதையில் மறுத்ததை மகன் சரித்திரத்தில் வாளால் எடுத்தான்.

டிக்கோயா லயத்து வாசலில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்போது யாருடைய குடிகள்? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர்கள். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுவதற்கான விண்ணப்பங்கள் 1951 ஓகஸ்டு வரை ஏற்கப்பட்டன. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இந்நாட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்ததைத் தாள்களால் நிரூபிக்கவேண்டும். வாசித்த பாட்டனாரும் அத்தகைய தாள்களைத் தகரப் பெட்டியில் தேடிக்கொண்டிருந்தவரே. பிறகு 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாதி பாதியாகப் பங்கிட்டது. இவ்வழக்கு ஒருவாறு முடிவுக்கு வர 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நீ எந்த நாட்டுக்கு விசுவாசி என்று ஆண்டுக்கணக்காக வினவப்பட்ட மக்கள் அவர்கள்.

பாட்டியார் எழுதப் படிக்க அறியாதவர். கதையில் அவருக்குப் பிடித்தவர் யார் என்று ஒருமுறை கேட்டோம். குந்தவையையோ பூங்குழலியையோ சொல்வார் என எதிர்பார்த்திருந்தோம். “அந்த வாய் பேசாத புள்ளைதான்பா” என்றார். மந்தாகினியைத்தான் அவர் அவ்வாறு குறிப்பிட்டார். கோடிக்கரைக்கும் ஈழத்துக்கும் இடையே தன்னந்தனியாக ஓடம் செலுத்திச் செல்பவள் அவள். எந்த அரசனுக்கும் குடியல்லள், எவருக்கும் ஒற்றுமல்லள். காவிரியில் மூழ்கவிருந்த குழந்தை அருள்மொழியைத் தூக்கிக் காப்பாற்றியவளும், சுந்தர சோழர்மேல் எறியப்பட்ட வேலைத் தன் மார்பில் தாங்கி இறந்தவளும் அவளே. ஏன் பாட்டி அவளைப் பிடிக்கும் என்று கேட்டதற்கு, “அவகிட்ட யாரும் துண்டு கேக்கலையே” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

கதாபாத்திரம் ஒன்றின் சார்பில் வாக்குமூலம் எழுதி வருமாறு மறுவாரம் மாணவர்களைப் பணித்தோம். ஒன்பது பேர் வந்தியத்தேவனாக எழுதினார்கள். வினா எழுப்பிய மாணவி பழுவேட்டரையராகி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். அதில் நந்தினியின்மேல் ஒரு குற்றமும் சுமத்தவில்லை. ரவிதாசனைத் துரோகி என்ற பையன் ஒன்றும் எழுதவில்லை. “நூலைப் படித்த பிறகு எழுதுகிறேன், சேர்” என்று சொல்லி நூலகத்திலிருந்து முதற் பாகத்தை எடுத்துச் சென்றிருக்கிறான்.