நூலக அட்டையைக் காட்டினால் ரம்பம் தருவார்கள், தெரியுமா?

புத்தகம் இரவல் தரும் இடத்தில் ரம்பமா? ஆமாம்! ரம்பம், டிரில் மெஷின், ஏணி, மண்வெட்டி, குழாய் முடுக்கும் ஸ்பேனர் என்று அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் இந்தக் கருவி இரவலைத் தொடங்கியது 1979-ல். புத்தகத்துக்கு இருப்பது போலவே இதற்கும் தவணைத் தேதி உண்டு. வீட்டுக் கதவு இழைக்க ஓர் இழைப்புளி வேண்டுமென்றால் அதை விலை கொடுத்து வாங்கி, ஒரே நாள் பயன்படுத்திவிட்டு, பரணில் துருப்பிடிக்க விட வேண்டியதில்லை. நாலு பேர் மாற்றி மாற்றிப் படிக்கலாம் என்றால் நாலு பேர் மாற்றி மாற்றி அறுக்கவும் செய்யலாமே!

அது மட்டுமா? இதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்பே நூலகத்துக்குள் குளியலறை கட்டினார்கள். 1889-ல் பென்சில்வேனியாவின் பிராடக் என்ற இரும்பாலை ஊரில், ஆலை முதலாளி ஆண்ட்ரூ கார்னகி அமெரிக்காவில் தன்னுடைய முதல் பொது நூலகத்தைத் திறந்தார். உலைக்களத்திலிருந்து கரியும் வியர்வையுமாக வரும் தொழிலாளி நேராகப் போய்ப் புத்தகத்தைத் தொட முடியுமா? அதனால் கீழ்த்தளத்தில் குளிக்கும் இடம், மேலே படிக்கும் இடம்! கொஞ்ச வருஷத்தில் நீச்சல் குளமும் இசை அரங்கும் சேர்ந்துகொண்டன. அந்தப் பழைய குளியலறைப் பகுதியில் பின்னாளில் என்ன வந்தது தெரியுமா? மண்பாண்டப் பட்டறை! களிமண் பிசைந்தார்கள், சூளையில் சுட்டார்கள். போதாததற்கு ஓவியங்களையும் இரவல் தந்தார்கள். வீட்டுச் சுவரில் மாட்டி ரசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஆக, 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே புத்தகம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலும் யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் மெஷின்களுக்கென்றே ஒரு மாடியை ஒதுக்கினால்?

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கிக்குப் போக வேண்டும். அங்கே நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே, கப்பல் மாதிரி வளைந்த மர முகப்போடு நிற்கிறது 'ஓடி' மைய நூலகம். நாடு விடுதலை பெற்ற நூற்றாண்டுக்கு மக்களுக்குத் தந்த பரிசு அது. 101-வது விடுதலை நாளுக்கு முதல் நாள், 2018 டிசம்பர் 5 அன்று திறந்தார்கள். ஏறக்குறைய 9.8 கோடி யூரோ செலவு! இவ்வளவு பணம் கொட்டிய கட்டடத்தில் புத்தகங்கள் எத்தனை? சுமார் ஒரு லட்சம்தான், அதுவும் பெரும்பாலும் மூன்றாவது மாடியில். நகரத்தின் மற்ற கிளைகளிலிருந்து வேண்டிய புத்தகத்தை வரவழைத்துக் கொள்ளலாம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்கவில்லை. திரும்பி வரும் புத்தகங்களை ரோபோக்கள் சுமந்து போகின்றன.

இரண்டாவது மாடிக்கு வாருங்கள். தையல் மெஷின்கள், ஓவர்லாக் மெஷின், லேசர் கட்டர், ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம், ஆளுயர போஸ்டர் அடிக்கும் பிரிண்டர், த்ரீ-டி பிரிண்டர்கள், பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோக்கள், வீடியோ கேம் அறைகள். கூட்டாளிகளோடு சமைத்துச் சாப்பிட வாடகைக்கு ஒரு சமையலறை வேறு! மெஷினுக்குக் காசில்லை, அச்சிடும் பொருளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்மாடித் திறந்த வெளியில் நின்று பார்த்தால், எதிரே நாடாளுமன்றப் படிக்கட்டின் உச்சி கண் மட்டத்தில் இருக்கும். குடிமகன் நிற்கும் இடமும் நாடாளுமன்ற உறுப்பினர் நிற்கும் இடமும் ஒரே உயரம்! வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். கால்சட்டைக்கு ஓரம் அடித்துவிட்டு அதே உயரத்தில் போய் நிற்கலாம்.

சரி, நூலகத்துக்குள் இந்தப் பட்டறைப் பழக்கம் எங்கே பிடித்தது? நியூயார்க் மாநிலத்தில் சிரக்கியூஸ் நகரத்தை ஒட்டி ஃபேயட்வில் என்று ஒரு சின்ன ஊர். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படித்துக்கொண்டிருந்த லாரன் ஸ்மெட்லி, வகுப்புக்காக ஒரு திட்டம் எழுதினார்: பொது நூலகத்தில் மக்கள் தாங்களே பொருள்கள் செய்ய ஒரு கூடம். ஃபேயட்வில் நூலகத்துக்கு அது பிடித்துப்போய், அவரையே வேலைக்கு எடுத்துச் செய்யச் சொல்லிவிட்டது! 2011-ல் உருவான அதைத்தான் அமெரிக்கப் பொது நூலகங்களின் முதல் மேக்கர்ஸ்பேஸ் என்கிறார்கள். இதில் பெரிய வேடிக்கை அந்தக் கட்டடம். முன்பு அது ஸ்டிக்லி குடும்பத்தின் புகழ்பெற்ற மரச்சாமான் தொழிற்சாலை. நாற்காலி செய்த இடம் நூலகமாகி, நூலகம் மறுபடியும் பொருள் செய்யும் இடமாகிவிட்டது.

ஏன் 2011? ஏன் 1995-ல் நடக்கவில்லை? இங்கேதான் ஒரு பிளாஸ்டிக் தவளை உள்ளே குதிக்கிறது!

1988. ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் குட்டி மகளுக்குத் தவளைப் பொம்மை செய்ய உட்கார்ந்தார். பசைத் துப்பாக்கி ஒன்றில் பிளாஸ்டிக்கையும் மெழுகுவர்த்தி மெழுகையும் கலந்து போட்டு, உருக்கி, அடுக்கடுக்காக இழைத்துக்கொண்டே போனார். தவளை வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது: கை செய்கிற இந்த வேலையை ஒரு மெஷின் செய்தால்? ஜாங்கிரி பிழிகிறவர் துணிப் பையை அழுத்திச் சுற்றிச் சுற்றிப் பிழிவாரே, அப்படித்தான் த்ரீ-டி பிரிண்டரின் மூக்கும் 200 டிகிரி வாக்கில் உருகிய பிளாஸ்டிக்கைப் பிழிந்துகொண்டே நகர்கிறது. ஓர் அடுக்கு முடிந்ததும் அதன்மேல் அடுத்தது. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனம்தான். உள்ளங்கை அளவுப் பொருளுக்கே மணிக்கணக்கில் ஆகும்.

கிரம்ப் காப்புரிமை வாங்கினார், கம்பெனி தொடங்கினார். இருபது வருஷம் அந்த மெஷின் பெரிய தொழிற்சாலைகளின் சொத்தாகவே இருந்தது. 2009-ல் காப்புரிமை காலாவதி ஆனது. அதற்குள் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் இன்னும் பெரிய குறும்பு ஒன்றை ஆரம்பித்திருந்தார். தன்னுடைய உதிரி பாகங்களைத் தானே அச்சிடும் பிரிண்டர்! 2005-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மெஷின், 2008-ல் தன் பிளாஸ்டிக் பாகங்களையெல்லாம் அச்சிட்டு ஒரு குட்டி போட்டது. வரைபடத்தை உலகத்துக்கே இலவசமாக விட்டுவிட்டார். விலை சரசரவென்று இறங்கியது. தொழிற்சாலைக்கு மட்டும் கட்டுப்படியான மெஷின் ஊர் நூலகத்தின் மேஜைக்கு வந்தது அப்படித்தான். நூலகர்கள் திடீரென்று நவீனமாகிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதி காப்புரிமை அலுவலகத்தின் நாட்காட்டியில் இருக்கிறது.

அந்த மேஜையில் ஒரு கை பிறந்தது, தெரியுமா? கான்சஸ் மாநிலத்தில் ஜான்சன் கவுண்டி நூலகம். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், குடும்ப நண்பரின் மகனுக்காக அங்கே வந்தார். ஒன்பது வயதுச் சிறுவன், ஒரு கையில் பிறவியிலேயே விரல்கள் இல்லை. கடையில் வாங்கும் செயற்கைக் கை பல ஆயிரம் டாலர். வளரும் பிள்ளைக்கு வருஷா வருஷம் மாற்றவும் வேண்டும். மாணவர் இணையத்திலிருந்து வரைபடத்தை இறக்கி, சிறுவனின் அளவுக்குப் பெரிதாக்கி, நூலகத்து மெஷினில் துண்டு துண்டாக அச்சிட்டு, திருகாணியும் நைலான் கயிறும் கோத்துக் கொடுத்துவிட்டார். 2014 தொடக்கத்தில் செய்தித்தாள்களில் வந்த கதை இது. மணிக்கட்டை மடக்கினால் கயிறு இழுபடும், விரல்கள் மூடும். நிமிர்த்தினால் திறக்கும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை!

அந்த வரைபடம் எங்கிருந்து வந்தது? தச்சுப் பட்டறை விபத்தில் விரல்களை இழந்த தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸும், பொம்மலாட்ட இயந்திரக் கைகள் செய்துகொண்டிருந்த அமெரிக்கர் ஐவன் ஓவனும் இணையம் வழியாகவே கூடிச் செய்தது. இரண்டு பேரும் காப்புரிமை கேட்காமல் ஊருக்குப் பொதுவாக வைத்தார்கள். அவர்களுக்குப் பொறி தட்டியது எதைப் பார்த்து? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கோல்ஸ் என்ற படைவீரருக்காகத் திமிங்கில எலும்பும் கப்பியும் நரம்புக் கயிறும் வைத்துச் செய்த கையைப் பார்த்து! அடிலெய்டு, தென்னாப்பிரிக்கா, இணையம், கான்சஸ் நூலகம், கடைசியில் ஒரு சிறுவனின் மணிக்கட்டு. என்ன ஒரு பயணம்!

எல்லா நாளும் இப்படிக் கை முளைக்காது, அதையும் சொல்லிவிடுவோம். த்ரீ-டி பிரிண்டரில் சாவிக்கொத்தும் டிராகன் பொம்மையும் நிறையவே வரும். வரட்டுமே! நாவல் பகுதியில் எல்லோரும் தல்ஸ்தோயா படிக்கிறார்கள்? ஆனால் எதையும் அச்சிடலாம் என்று நினைக்காதீர்கள். 2013-ல் பிளாஸ்டிக் துப்பாக்கியின் வரைபடம் இணையத்தில் வந்ததும், ஆயுதம் அச்சிடத் தடை என்று நூலகங்கள் விதி எழுதத் தொடங்கின. லேசர் கட்டரிலும் கண்டிப்பு உண்டு. பிவிசி பொருளை வைத்தால் நச்சுப் புகை வரும், மெஷினும் அரிக்கும். அதற்கு அனுமதி கிடையாது.

என்னைக் கேட்டால், இந்தக் கூடங்களிலேயே பெரிய அதிசயம் பிளாஸ்டிக் உருக்கும் மெஷின் அல்ல. வாஷிங்டன் நகரின் மார்ட்டின் லூதர் கிங் நூலகத்தில் 2016-ல் திறந்த 'மெமரி லேப்' என்ற சின்ன அறைதான். அங்கே இருப்பதெல்லாம் பழைய சாமான்! விசிஆர், ஆடியோ கேசட் டெக், நெகட்டிவ் ஸ்கேனர், ஃபிளாப்பி டிரைவ். வீட்டு அலமாரியில் கிடக்கும் கல்யாண கேசட்டை எடுத்துக்கொண்டு போனால், நீங்களே ஓடவிட்டு கணினிக் கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. ஏன் இது அவசரம் தெரியுமா? காந்த நாடா காலப்போக்கில் சிதையும். ஓட்டிப் பார்க்க மெஷினும் கிடைக்காது. உலகத்தில் விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், உற்பத்தியை நிறுத்தியதும் அதே 2016-ல்தான்! தாத்தாவின் குரல் ஒரு கேசட்டில் இருக்கிறது, போட்டுக் கேட்க பிளேயர் இல்லை என்கிற வீடுகள் நம் ஊரில் தெருவுக்குப் பத்து தேறும். நம் மாவட்ட நூலகங்கள் எதை முதலில் வாங்க வேண்டும் என்று கேட்டால், த்ரீ-டி பிரிண்டருக்கு முன்னால் இரண்டு நல்ல கேசட் டெக் என்பேன்.

சத்தம் போட இடம் வேண்டுமா? சிகாகோ! ஹெரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் பதின்ம வயதினருக்கென்றே 2009-ல் 'யூமீடியா' என்ற கூடம் திறந்தார்கள். மைக்குகள், கேமராக்கள், பாட்டுப் பதிவு வசதி, மேடையேறிப் பாட மாலை நேர நிகழ்ச்சிகள். பள்ளி விட்டதும் அங்கே வந்து கிடந்த பையன்களில் ஒருவர் பள்ளியிலிருந்து பத்து நாள் சஸ்பெண்ட் ஆன கதையையே ஆல்பமாக்கி 2012-ல் வெளியிட்டார். நூலக ஸ்டூடியோவில் பழகிய அந்தக் குரல் 2017-ல் மூன்று கிராமி விருது வாங்கியது. சான்ஸ் தி ராப்பர்!

நூலகத்துக்குப் போக முடியாதவர்களுக்கு? நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் பழைய நடமாடும் நூலகப் பேருந்துக்குள் பிரிண்டரையும் லேசர் கட்டரையும் ஏற்றி 'ஃபிரிஸ்க்லேப்' என்று பள்ளி பள்ளியாக ஓட்டினார்கள். அப்பா, என்ன புதுமை என்று வாய் பிளக்கும் முன் மன்னார்குடியை நினைத்துக்கொள்ளுங்கள். 1931-லேயே மாட்டு வண்டியில் நூலகத்தை ஏற்றிக் கிராமத்துக்கு ஓட்டியவர்கள் நாம்! கனகசபை பிள்ளையின் அந்த வண்டியில் லேசர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. இந்த மாதிரிக் கூடங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் 'ஃபேப் லேப்'. அமெரிக்காவின் எம்ஐடியில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கியது. எம்ஐடிக்கு வெளியே அதன் முதல் கூடம் எங்கே திறந்தது? லண்டனா, டோக்கியோவா? புனே பக்கத்தில் பாபல் கிராமம்! 2002-ல், விக்யான் ஆசிரமம் என்ற கிராமப்புறத் தொழிற்கல்வி நிலையத்தில்.

தமிழர்கள் வாழும் வெளிநாட்டு ஊர்களிலும் இவை உண்டு. சிங்கப்பூரில் ஜூரோங், தெம்பனிஸ், பொங்கோல் வட்டார நூலகங்களில் 'மேக்ஐடி' கூடங்கள் இருக்கின்றன. தமிழ்ப் புத்தக அலமாரியும் த்ரீ-டி பிரிண்டரும் ஒரே கூரையின் கீழ். கனடாவில் டொரண்டோ பொது நூலகம் தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவிலும் அப்படி ஒரு கூடம் வைத்திருக்கிறது. பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து தேறினால்தான் பிரிண்டரைத் தொட விடுவார்கள். 2020-ல் கொரோனா வந்து டொரண்டோ நூலகங்கள் மூடியபோது அங்கிருந்த பிரிண்டர்கள் சும்மா கிடக்கவில்லை. முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு செய்ய மருத்துவமனைக்கு இரவல் போயின!

அதே டொரண்டோவின் ரெஃபரன்ஸ் நூலகத்தில் 2014-ல் 'அஸ்குவித் பிரஸ்' என்று ஒன்று வந்தது. கணினிக் கோப்பாக உங்கள் கதையைக் கொண்டு போனால் உள்ளே தாளை அச்சிட்டு, பசை தடவி, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டிச் சில நிமிடங்களில் புத்தகமாக வெளியே தள்ளும் இயந்திரம். எந்தப் பதிப்பகத்தின் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. பாட்டியின் சமையல் குறிப்பு, அப்பாவின் கவிதை, பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பேய்க்கதை, எதுவானாலும் சரி. நூலகத்துக்குப் புத்தகம் வாங்கத்தானே போவோம்? அங்கே எழுதியவரே காசு கட்டி, அச்சடித்து, கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடிந்தது. இதற்கு மட்டும் திருப்பிக் கொடுக்கும் தவணைத் தேதி கிடையாது!