'ஐ வில் டூ' என்றால் 'செய்வேன்' தானே? இன்டர்வியூவில் இந்த இங்கிலீஷ் ஏன் சிக்கலாகிறது?

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் உள்ள பழமையான தேவாலயம், வீரமாமுனிவர் பணியாற்றிய இடம். இத்தாலியரான அவர், தமிழ் கற்க வந்த ஐரோப்பியர்களுக்காக லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அன்று அவர்களுக்கு நம்ம பேச்சு புதுசு. இன்று வேலைக்காக இங்கிலீஷ் பேசும் நமக்கும் அதே தடுமாற்றம்தான், குறிப்பாக எதிர்காலத்தில்!

என்ன வித்தியாசம்?

தமிழில் எதிர்காலம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கு. 'படிப்பேன்' என்பதில் 'ப்', 'செய்வேன்' என்பதில் 'வ்'. நன்னூல் சொல்லும் எதிர்கால இடைநிலைகள் இவைதான். இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு இறந்தகால விகுதி உண்டு, எதிர்கால விகுதி கிடையாது. அதனால் வேறு வழிகளில்தான் சொல்லணும்.

எப்போ எதைச் சொல்லணும்?

* வில்: அந்த நிமிஷம் எடுக்கும் முடிவு, வாக்குறுதி, கணிப்பு. 'ஐ வில் ஹெல்ப் யூ'.
* கோயிங் டு: முன்பே எடுத்த முடிவு, கண்ணெதிரே தெரியும் அறிகுறி. வானம் கறுத்துடுச்சா? 'இட் இஸ் கோயிங் டு ரெயின்'.
* நிகழ்காலத் தொடர்: பேசி முடித்த ஏற்பாடு. 'ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ'.
* சாதாரண நிகழ்காலம்: கால அட்டவணை. 'தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்'.

'செய்துகொண்டிருப்பேன்' என்பதற்கு 'வில் பி டூயிங்', 'செய்து முடித்திருப்பேன்' என்பதற்கு 'வில் ஹேவ் டன்'.

எங்கே சறுக்குகிறது?

'அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார்' என்கிறோம். எதிர்கால வடிவம்தான், ஆனா சொல்வது வழக்கத்தை. இங்கிலீஷில் அதுக்கு 'வேக்ஸ் அப்' போதும், 'வில்' தேவையில்லை.

இன்டர்வியூவில் இதுதான் காலை வாரும். 'இப்போ பார்க்கும் வேலையில் என்ன செய்றீங்க?' என்று கேட்டால், 'தினமும் பில் செக் பண்ணுவேன்' என்று மனசுக்குள் நினைத்து, 'ஐ வில் செக் தி பில்ஸ்' என்கிறோம். கேட்பவருக்கோ 'இனிமேல்தான் செய்யப்போகிறார்' என்று படும். கையிலிருக்கும் அனுபவம் வெறும் வாக்குறுதியாகிவிடும். 'ஐ செக் தி பில்ஸ்' என்பதே சரி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'நாளைக்கு வர்றேன்' என்பதை அப்படியே 'ஐ கம் டுமாரோ' ஆக்கக் கூடாது. 'ஐ வில் கம்' அல்லது 'ஐ ஆம் கமிங்' என்று சொல்லணும்.

ஈஸியா நினைவில் வைப்பது எப்படி?

'வில்' சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இது இனி நடக்கப்போவதா, தினமும் நடப்பதா? தினமும் நடப்பது என்றால் 'வில்' வேண்டாம்.